நானே செய்து பார்த்தேன் என்று ஒரு வரி

தொழில்நுட்பம் பற்றி எழுதுகிறவர்களின் சங்கம் ஒன்று ஆண்டு மலர் போடுகிறதாம். என்னிடமும் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: தொழில்நுட்பப் பத்திரிகைகளில் சன்மானத்தோடு எழுதும் வாய்ப்பைப் பெறுவது எப்படி? கேட்டதில் தப்பில்லை. ஸ்டவ், தையல் மிஷின், பம்ப் செட், மிக்ஸி என்று முப்பது வருஷத்துக்கு மேல் எழுதிப் பிழைத்தவள் நான். ஆனால் அவர்கள் கடிதத்தின் அடியில் இன்னொரு வேண்டுகோள் இருந்தது. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டுமாம். இந்த மலருக்கு மட்டுமில்லையாம், பிற்காலத் தேவைக்கும் தங்களிடம் வைத்துக்கொள்வார்களாம்.

படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்து நீவி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கட்டுரை தருகிறேன். கையெழுத்து தரமாட்டேன். ஏன் என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. வாய்ப்பு பெறுவது எப்படி என்பதும் நடுவில் வரும். வேண்டியவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சி பஜாரில் எங்கள் நைனாவுக்கு இரும்புக்கடை இருந்தது. ஆணி, கீல், லாந்தர், காஸ் லைட், பம்ப் ஸ்டவ் எல்லாம் விற்போம். கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். எங்களிடம் ஸ்டவ் வாங்கிய பெண்கள், அது மக்கர் செய்தால், ஆண்கள் நிற்கிற கடை வாசலுக்கு வரமாட்டார்கள். பின்பக்கச் சந்து வழியாக என்னிடம் வருவார்கள். கழற்றிப் பார்ப்பேன், மாட்டுவேன், கையைச் சுட்டுக்கொள்வேன். இப்படித்தான் தொழில் கற்றேன். அதற்கு மேல் அந்தக் கதை யாருக்கும் வேண்டாம்.

ஆணி மடித்துக் கொடுக்க நைனா பழைய பேப்பரை எடைக்கு வாங்குவார். அந்தப் பேப்பர் கட்டுக்குள்தான் மெட்ராஸிலிருந்து வரும் தொழில் மாதப் பத்திரிகை ஒன்று என் கண்ணில் பட்டது. அதன் பேரைச் சொல்லப்போவதில்லை, இன்றைக்கு அது இல்லை. உள்ளே ஒரு மூலையில், வெளியாகும் கட்டுரைகளுக்குச் சன்மானம் உண்டு என்று போட்டிருந்தது. பேப்பர் கட்டைப் பிரித்துக் கிடைத்த பழைய இதழ்களையெல்லாம் தேடிப் படித்தேன். லேத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். செஞ்சியில் யார் வீட்டில் லேத் இருக்கிறது? வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த ஸ்டவ்வைப் பற்றி ஒரு வரி இல்லை. வாய்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். அந்தப் பத்திரிகை எதை எழுதாமல் விட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அனுப்புவதற்கு முறை உண்டு. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும். ஓரத்தில் தாராளமாக இடம் விட வேண்டும். படத்தைத் தனித் தாளில் இந்தியன் மையில் வரைய வேண்டும். கார்பன் பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறை வைக்க வேண்டும். ஒரு கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்பக் கூடாது. இவ்வளவும் செய்தால் படித்தாவது பார்ப்பார்கள். இப்போது என்னடாவென்றால், முதலில் மாதிரிக்கு ஒன்று இலவசமாக எழுதித் தாருங்கள் என்கிறார்களாம், இளையவர்களும் எழுதிக் கொடுக்கிறார்களாம். ஒரு கொத்தனாரிடம் போய், முதலில் மாதிரிக்கு ஒரு சுவர் சும்மா கட்டிக்காட்டு என்று கேட்டுப்பாருங்கள். கரண்டி பறந்து வரும்.

ஸ்டவ் பர்னரில் எண்ணெய் வரும் நுண்துளையான நிப்பிள் அடைத்துக்கொண்டால், பின் என்கிற மெல்லிய கம்பி போட்டு எடுப்பது எப்படி என்பதுதான் நான் அனுப்பிய முதல் கட்டுரை. திரும்பி வந்தது. கூடவே ஆசிரியர் சாரங்கபாணியின் போஸ்ட் கார்டு. அதில் ஒரே கேள்வி: "பின்னை எந்தக் கையில் பிடிப்பது?" எரிச்சலோடு திருத்தி அனுப்பினேன். மறுபடி திரும்பி வந்தது. "ஸ்டவ் ஆறிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" மூன்றாவது கார்டில், சௌகரியப்பட்டால் நேரில் வரவும் என்று இருந்தது. நைனாவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துக்கொண்டு, திண்டிவனத்தில் பஸ் மாறி, மெட்ராஸ் போய்ச் சேர்ந்தேன்.

கீழே அச்சகம், மாடியில் மரத்தளம் போட்ட அறையில் ஆசிரியர். ஒல்லியான மனிதர். சட்டைக் கையெல்லாம் மசி. அலமாரியில் புத்தகத்துக்குப் பதில் ரேடியோ, தையல் மிஷின், ஒரு பம்ப் ஸ்டவ். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். என் கட்டுரையை மேஜைமேல் விரித்து, ஒரு வரி படிப்பார், அதைச் செய்வார், அப்புறம்தான் அடுத்த வரி. எழுதியதை மட்டும் செய்வார். ஒரு இம்மி கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். வலது கையில் பின்னைப் பிடித்து நிப்பிள் துளையில் நேராக இறக்கி எடுக்கவும் என்று எழுதியிருந்தேன், எடுத்தார். பிறகு வலது கையால் பம்ப் அடிக்கவும் என்று எழுதியிருந்தேன். பின்னைக் கையில் வைத்துக்கொண்டே பம்ப்பைப் பிடித்து ஓங்கி ஒரு அடி அடித்தார். பின்னின் நுனி உள்ளங்கையில் சுருக்கென்று குத்தியது.

"பின்னைக் கீழ வைக்கச் சொல்லலியேம்மா நீங்க" என்றார், கையை உதறிக்கொண்டே.

நைனா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எழுதத் தெரிந்தது என்று சொல்வேன். அவரைப் போல ஒரு ஆசிரியரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இதையும் சொல்லித்தான் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அவர் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் கீழும் எழுதியவர் தன் கையாலேயே, "இதை நானே செய்து பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை அச்செழுத்தில் கோக்கமாட்டார். கையெழுத்தாகவே அச்சடிப்பார். அதற்கு பிளாக் செய்ய வேண்டும். எழுத்தைப் படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் அரித்து, தகட்டை மரக்கட்டைமேல் அடித்து வைப்பார்கள். ஒரு தடவை செய்துவிட்டால் எத்தனை இதழுக்கும் அதையே போட்டு அடிக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு கட்டுரைக்கும் நாம் அந்த வரியைப் புதிதாக எழுதி அனுப்ப வேண்டும். அது வந்து சேர்ந்த பிறகுதான் டிராயரைத் திறந்து நம் பிளாக்கை வெளியே எடுப்பார்.

"அச்செழுத்த யார் வேணா கோக்கலாம். கையெழுத்து அவங்கவங்களோடது" என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

என் கையெழுத்தில் சாந்தா என்ற பேருக்குக் கீழே நீளமாக ஒரு வால் இழுத்திருப்பேன். படிக்கத் தெரியாத பெண்களுக்குக்கூட அந்த வால் தெரியும். சந்து வழியாக வருகிறவர்கள் பத்திரிகையைப் புரட்டி, தோ ஒன் எழுத்து என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். மணியார்டர் வந்தால் போஸ்ட்மேன் கடை வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். பஜார் முழுக்கக் கேட்கும். நைனா ஒன்றும் தெரியாதவர்போலப் பக்கத்துக் கடைக்கு எழுந்து போவார், யாராவது விசாரிக்கட்டும் என்று.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. மாசாமாசம் எனக்கென்று நிரந்தரமாக ஒரு பக்கம். நிலையாக வருமானம் வந்தால் கல்யாணப் பேச்சை இப்போதைக்கு எடுக்கமாட்டேன் என்று நைனா வாக்குக் கொடுத்திருந்தார். ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். பார்க்கலாம் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு மாசம் நான் எதுவும் எழுதி அனுப்பவில்லை. ஆனாலும் இதழ் வந்தது. பிரித்தால் உள்ளே என் பேரில் கட்டுரை. ஸ்பிரிட் இல்லாமலே எரியும் அதிசய ஸ்டவ்வாம். ஒரு வருஷமாக அதில்தான் நான் சமைக்கிறேனாம். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி பர்னரைச் சூடாக்கும் வேலையே கிடையாதாம். பம்ப் அடித்தவுடனே தீக்குச்சியைக் காட்டலாமாம். அந்த ஸ்டவ்வை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கட்டுரையின் கீழே வாலோடு என் கையெழுத்து, நானே செய்து பார்த்தேன் என்று. பின்னட்டையைத் திருப்பினேன். முழுப் பக்கத்துக்கு அதே ஸ்டவ்வின் விளம்பரம், கலரில்.

பம்ப் ஸ்டவ் தெரியாத இந்தக் காலத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பர்னர் சூடாக இருந்தால்தான் மண்ணெண்ணெய் ஆவியாகி நீலமாக எரியும். சூடாக்காமல் பம்ப் அடித்தால் எண்ணெய் எண்ணெயாகவே பீய்ச்சிக்கொண்டு வரும். அதில் குச்சியைக் காட்டினால் முகத்துக்கு நேரே தீ சீறும். எந்த அதிசயக் கம்பெனி செய்த பர்னரானாலும் இதுதான் கதி.

அன்றைக்கே ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். நிப்பிளுக்கும் பின்னுக்கும் கார்டு போட்ட மனிதரிடமிருந்து இதற்கு ஒரு வரி பதில் இல்லை. பதிலுக்குப் பதில் மணியார்டர் வந்தது, வழக்கத்தைவிடப் பெரிய தொகை. வாங்கமாட்டேன் என்று போஸ்ட்மேனிடம் சொன்னேன். அதுவும் பஜார் முழுக்கக் கேட்டது. நைனாவுக்கு மானம் போய்விட்டது.

"இன்னா பொண்ணு நீ? வூடு தேடி வர்ற பணத்த வேணாங்கறியே."

"அத நான் எழுதல நைனா."

"எழுதலன்னா இன்னா? ஒன்னப் பத்திக் கெட்டதாவா போட்டிருக்கான்? நல்லதாத்தான போட்டிருக்கான்."

"அது பொய் நைனா. யாராச்சும் அதுமாரி கொளுத்தினா செத்துடுவாங்க."

"அவ்ளோ பெரிய கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சா? போயி வேலயப் பாரு."

கொஞ்ச நாளில் கம்பெனி ஆள் ஒருவர் காரில் வந்து இறங்கினார். செஞ்சி வட்டாரத்துக்கு நைனாவே ஏஜெண்ட் என்றார். கடை முகப்பில் எனாமல் போர்டு ஏறியது. என் கட்டுரையை, இல்லை, என் பேரில் வந்த கட்டுரையைக் கிழித்து, நைனா கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டினார். நான் பிய்த்துப் போட்டேன். இன்னொரு பிரதி வாங்கி மாட்டினார். பின்பக்கம் வந்த பெண்களுக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் முன்பக்கம் நைனாவுடையது. அங்கே என் பேச்சு எடுபடவில்லை, என் கையெழுத்துதான் எடுபட்டது.

சித்தி வீட்டு விசேஷத்துக்குத் தளவானூர் போய்விட்டு நான் திரும்பி வந்த மறுநாள், பங்கஜம் சந்து வழியாக வந்தாள். அனந்தபுரத்தில் இட்லி போட்டு விற்கிறவள். ஸ்டவ் கதையெல்லாம் என்னோடு பேசிப் பழக்கம். வலது கையில் முழங்கைவரை மருந்து பூசிக் கட்டுப் போட்டிருந்தது. கழுத்தோரமும் வெந்திருந்தது. நான் இல்லாத நாளில் வந்து அந்த ஸ்டவ்வை வாங்கிப் போயிருக்கிறாள்.

"ஒங்க நைனா காட்டினாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அந்த வால் போட்ட எழுத்து தெரியும். நீ சொல்லியிருந்தா சரியாத்தான் இருக்கும்னு வாங்கினேன். நீ சொன்னாமாரியேதான் கொளுத்தினேன் சாந்தா."

அவள் ஏதோ தப்பாகக் கொளுத்திவிட்டாள் என்று நான் நினைத்துவிடக் கூடாதே என்பதுபோல அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது என் எழுத்தில்லை என்று அவளிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. கையெழுத்து மட்டும் எப்படி வந்தது என்று கேட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் மெட்ராஸ் போனேன், முதல்முறையாகத் தனியாக. ஆணியில் மாட்டியிருந்த தாள் என் பையில் இருந்தது. நைனாவிடம் சொல்லவில்லை.

ஆசிரியர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பங்கஜத்தின் கை வெந்ததை நின்றபடியே சொன்னேன். அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் அந்தக் கம்பெனி ஸ்டவ் ஒன்று புதுசாக இருந்தது. அன்பளிப்பு போலிருக்கிறது. அதைத் தூக்கி அவர் மேஜைமேல் வைத்தேன்.

"நான் படிக்கறேன் சார். நீங்க ஒவ்வொரு வரியா செய்ங்க."

"சாந்தாம்மா..."

"முதல் வரி. தொட்டியில் முக்கால் பாகம் எண்ணெய் ஊற்றவும்."

என்ன நினைத்தாரோ, டின்னை எடுத்தார். ஊற்றினார். அடுத்த வரி படித்தேன், காற்றுத் திருகை இறுக்கினார். அடுத்த வரி, பம்ப் அடித்தார். எண்ணெய் பர்னரில் கசிந்து வருவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உடனே தீக்குச்சியைக் காட்டவும்."

தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். குச்சியையும் எடுத்தார். உரசவில்லை.

"வேணாம்மா" என்றார்.

"ஏன் சார்?"

"மேல மரக்கூரை. கீழ தளமும் மரம். அச்சகம் பூரா பேப்பர்."

"பங்கஜம் வூடு ஓலைக்கூரை சார்."

அவர் குச்சியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார். பேப்பர் விலை ஏறிவிட்டதாம். அந்தக் கம்பெனி ஒரு வருஷத்துக்குப் பின்னட்டையை எடுத்துக்கொள்கிறேன் என்றதாம், கூடவே ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்றதாம். செஞ்சி சாந்தா என்றால் பெண்கள் நம்புவார்கள் என்று பத்திரிகை மேனேஜர்தான் என் பேரைத் தேர்ந்தெடுத்தாராம். டிராயர் சாவியைக் கேட்டாராம். இவர் கொடுத்துவிட்டாராம்.

ஒரு பின்னைக் கீழே வைக்கச் சொல்லவில்லை என்பதற்காக என்னைச் செஞ்சியிலிருந்து மெட்ராஸுக்கு வரவழைத்த மனிதர் இவர். ஒரு பெண்ணின் கை வெந்துபோகும் என்று தெரிந்தே சாவியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. அந்த மேனேஜர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சம்தான். அவருக்கு ஸ்டவ்வும் ஒன்றுதான், சோப்பும் ஒன்றுதான். இவருக்குத் தெரியும். தெரிந்தவர் சும்மா இருந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"மறுப்பு போடுங்க சார். அது என் கட்டுரை இல்லைன்னு ஒரே ஒரு வரி."

"விளம்பரம் இருக்கறவரைக்கும் போட முடியாதும்மா." மசி படிந்த கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க கேட்டுக்கிட்டிருந்தீங்களே, நிரந்தரமா ஒரு பக்கம். அடுத்த மாசத்திலேர்ந்து தரச் சொல்லி மேனேஜரே சொல்லிட்டார்."

நான் அத்தனை நாள் காத்திருந்த வாய்ப்பு அதுதான். அதை எந்த விலைக்கு நீட்டுகிறார்கள் என்றும் தெரிந்தது.

"என் பிளாக்கைக் குடுங்க சார்" என்றேன்.

டிராயரைத் திறந்தார். உள்ளே வரிசையாக எல்லா எழுத்தாளர்களின் கையெழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிக் கிடந்தது, அடுத்த பின்னட்டைக்குக் காத்துக்கொண்டு. என்னுடையதை எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். படியிறங்கும்போது அவர் ஏதோ சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வேறு இரண்டு பத்திரிகைகளுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். நன்றியுடன் திருப்பி அனுப்பினார்கள். அவற்றின் பின்னட்டையிலும் அதே ஸ்டவ்தான். சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று தீர்மானித்தேன். கடைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் அந்த ஸ்டவ்வை வைத்து, எண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்து, நீளமான மூங்கில் நுனியில் துணியைச் சுற்றிக் கொளுத்தி நீட்டினேன். தீ ஆள் உயரத்துக்குச் சீறியது. சந்தில் நின்ற பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நைனாவும் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற உள்ளூர் அச்சகத்தில் ஒரு நோட்டீஸ் அடித்தேன். ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்காமல் எந்த ஸ்டவ்வையும் கொளுத்தாதீர்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள் என்று நாலே வரி. கீழே என் பிளாக்: இதை நானே செய்து பார்த்தேன், சாந்தா. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில், ஸ்பெஷல் பஸ் நிற்கும் இடத்தில் நின்று, இறங்குகிற பெண்கள் கையிலெல்லாம் கொடுத்தேன். சிலர் அதில் விபூதி மடித்துக்கொண்டார்கள். பரவாயில்லை, வீடுவரைக்கும் போகுமே. கம்பெனிக்குச் செய்தி எட்டியது. ஏஜென்சி போனது. நைனா என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. போர்டைக் கழற்றினாரே தவிர, தூக்கிப் போட மனசு வரவில்லை. திருப்பிப் போட்டுத் தண்ணீர் டிரம்முக்கு மூடி ஆக்கிக்கொண்டார்.

நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு அனந்தபுரம் போனேன், பங்கஜத்திடம் காட்ட. அவள் விறகடுப்பின் முன்னால் புகையில் உட்கார்ந்திருந்தாள். கட்டு அவிழ்த்த கை சுருங்கிச் சிவந்திருந்தது. முழு நோட்டீஸையும் படித்துக் காட்டினேன். இதுதான் நான் எழுதியது, இதுதான் நிஜம் என்றேன். அவள் தாளை வாங்கி, கீழே இருந்த வாலை மட்டும் பார்த்தாள்.

"போன தடவயும் இதே எழுத்துதான இருந்துச்சு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, உட்கார், இட்லி சாப்பிட்டுப் போ என்றாள்.

அன்று மாலை கடையிலிருந்து அரத்தை எடுத்து என் பிளாக்கின் தகட்டைத் தேய்த்தேன். முதலில் வால் போனது, பிறகு பேர் போனது, கடைசியாக அந்த வரியும் போனது. வேறு பத்திரிகைகள் கிடைத்தன. நிரந்தரப் பக்கமும் ஒரு நாள் கிடைத்தது. எவரிடமும் கையெழுத்தை விட்டுவைத்ததில்லை. ஸ்டவ்வைப் பற்றி எவ்வளவோ எழுதினேன், எல்லாவற்றையும் செய்து பார்த்துத்தான் எழுதினேன். பங்கஜம் கடைசிவரைக்கும் விறகடுப்பில்தான் இட்லி வேகவைத்தாள்.